ஒரு களம், பல விதிநூல்கள்: அமெரிக்க அமெச்சூர் பேஸ்பால் நடுவரின் கதை

1845 செப்டம்பரில் நியூயார்க்கில் அமைந்த நிக்கர்பாக்கர் பேஸ்பால் கழகம் தனக்கென்று 20 விதிகளை எழுதி வைத்துக்கொண்டது. நடுவரைப் பற்றி அவை சொன்னது கொஞ்சம்தான். ஆட்டத்துக்குக் கூடும்போது கழகத் தலைவர் ஒருவரை நடுவராக அமர்த்துவார். அவர் ஆட்டத்தை ஏட்டில் பதிவார், விதி மீறியவர்களைக் குறித்துக்கொள்வார், தகராறு வந்தால் தீர்த்து வைப்பார். அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. கெட்ட வார்த்தை பேசிய ஆட்டக்காரருக்கு 6 சென்ட் அபராதம் போட்ட குறிப்பு அக்கழகத்தின் பழைய ஏட்டில் இருக்கிறது. ஆடியவர்கள் வணிகர்கள், எழுத்தர்கள், மருத்துவர்கள். நடுவரும் அவர்களில் ஒருவர்தான். யாருக்கும் ஊதியம் கிடையாது.

இப்படித் தொடங்கிய அமெச்சூர் நடுவரின் பொறுப்பு அடுத்த 170 ஆண்டுகளில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியது. மாற்றியவர்கள் பெரும்பாலும் களத்தில் நின்றவர்கள் அல்லர். ஒரு காலத்தில் கழகங்களின் மாநாடுகள் மாற்றின, பிறகு தொழில்முறை லீக்குகள், அதன்பின் பள்ளி, கல்லூரி, சிறுவர் அமைப்புகள் என்று ஒவ்வொருவரும் தத்தம் புத்தகத்தைத் திருத்தினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் அந்தத் திருத்தங்களில் பலவற்றுக்கு நல்ல காரணம் இருந்தது. ஆனால் ஒருவர் மாற்றியதை மற்றவர் மாற்றாமல் விட்டதாலும், கண்ணால் கண்டதைச் சொல்லும் வேலையை மனத்தில் இருந்ததை ஊகிக்கும் வேலையாக ஆக்கியதாலும், அவற்றின் சுமை ஒவ்வொரு முறையும் களத்தில் தனியாக நின்ற நடுவர்மேல் விழுந்தது.

கிரிக்கெட் பழகிய வாசகருக்கு ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பந்து எறிபவர் பிட்ச்சர். மட்டை பிடித்தவர் பேட்டர். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்குபவர் கேட்ச்சர். பேட்டர் நிற்கும் இடம் ஹோம் பிளேட். அங்கிருந்து முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைத் தொட்டு மீண்டும் ஹோம் பிளேட்டுக்கு வந்தால் ஒரு ரன். அடிக்கத் தக்க பந்தை விட்டாலோ, வீசித் தவறினாலோ ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். அடிக்க எட்டாத பந்து 'பால்'. இன்றைய கணக்கில் நான்கு பால் ஆனால் பேட்டர் முதல் பேஸுக்கு இலவசமாக நடந்து போகலாம். ஹோம் பிளேட்டுக்கும் முதல் பேஸுக்கும் இடையே 90 அடி.

அந்த 90 அடி, ஒன்பது இன்னிங்ஸ், அணிக்கு ஒன்பது பேர் என்ற அளவுகள் 1857-இல் நியூயார்க் வட்டாரக் கழகங்கள் கூடிய மாநாட்டில் நிலைபெற்றன. அடுத்த ஆண்டு அவை பேஸ்பால் ஆட்டக்காரர்களின் தேசியச் சங்கமாக உருவெடுத்தன. அதுவரை பல ஆட்டங்களில் ஒவ்வோர் அணியும் தனக்கென ஒரு நடுவரைக் கொண்டுவரும்; இருவரும் ஒத்துப்போகாதபோது மூன்றாவதாக ஒருவர் முடிவு சொல்வார். தம் அணிக்காக வந்தவர் தம் அணிக்காகவே பேசினார் என்பதில் வியப்பில்லை. 1858-இல் இந்த ஏற்பாடு ஒழிந்து, இரு அணியும் ஒப்புக்கொண்ட ஒரே நடுவர் என்ற முறை வந்தது. நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் அதே ஆண்டில் அந்த ஒற்றை ஆளின் தலைமேல் இன்னொரு சுமையும் ஏறியது.

அதற்கு முன் பேட்டர் தமக்குப் பிடித்த பந்து வரும்வரை காத்திருக்கலாம். சிலர் ஐம்பது பந்துகள்கூட விட்டுப் பார்த்தார்கள். இருட்டும்வரை இழுத்தடித்து ஆட்டத்தைக் கெடுத்தார்கள். 1858 விதி இதற்கு முடிவு கட்ட முயன்றது. நல்ல பந்துகளைத் திரும்பத் திரும்ப விடும் பேட்டர், ஆட்டத்தைத் தாமதப்படுத்தவோ தம் அணிக்கு ஆதாயம் தேடவோ அப்படிச் செய்தால், நடுவர் முதலில் எச்சரித்து, பிறகு ஸ்ட்ரைக் சொல்ல வேண்டும். 1863 டிசம்பரில் கூடிய மாநாடு பிட்ச்சருக்கும் இதே கடிவாளத்தைப் போட்டது. வேண்டுமென்றே எட்டாத பந்து எறிபவரை எச்சரித்து, அதன் பின்னும் தொடர்ந்தால் பால் சொல்லி, மூன்று ஆனதும் பேட்டரை முதல் பேஸுக்கு அனுப்ப வேண்டும்.

இந்த இரண்டு விதிகளிலும் நடுவரிடம் கேட்கப்பட்டது பந்து எங்கே போனது என்பதல்ல, அதை எறிந்தவரோ விட்டவரோ என்ன நினைத்தார் என்பது. எத்தனை பந்துக்குப் பின் எச்சரிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. எச்சரிக்கையே ஓர் அவமதிப்பாகக் கருதப்பட்ட காலம் அது. தம் நண்பர்களும் அண்டை ஊர்ப் பெரிய மனிதர்களும் ஆடும் களத்தில் நேர்மையைச் சந்தேகிப்பது போன்ற அந்தச் சொல்லை உச்சரிக்கப் பலர் கூசினார்கள். ஒரு நடுவர் கண்டிப்பாக இருந்தார், இன்னொருவர் ஆட்டம் முழுக்க வாயே திறக்கவில்லை. இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் பத்திரிகையாளராக வாழ்ந்த ஹென்றி சாட்விக், விதிக்குழுவிலும் இருந்தவர், இந்தத் தயக்கத்தை எழுத்தில் விடாமல் கண்டித்தார். இருந்தும், அணிகள் தாம் போகும் இடத்தில் எந்த நடுவர் கிடைப்பார் என்பதைப் பொறுத்து ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும் நிலை நீடித்தது.

எறியும் விதத்திலும் இதே சிக்கல். பந்தைக் கையைத் தாழ்த்தி, மணிக்கட்டை வெட்டாமல், ஊசலாட்டமாக விட வேண்டும் என்பது விதி. 1860-இல் புரூக்ளின் எக்செல்சியர் கழகத்தில் சேர்ந்த ஜிம் கிரைட்டன் என்ற இளைஞர் எறிந்த பந்து அதுவரை யாரும் காணாத வேகத்தில் சுழன்று வந்தது. மணிக்கட்டை அவர் கண்ணுக்குத் தெரியாமல் சொடுக்கினார் என்று எதிரணிகள் முறையிட்டன. பல கெஜத் தொலைவில் நின்ற நடுவரால் நிரூபிக்க முடியவில்லை. கிரைட்டன் 1862-இல், 21 வயதில் இறந்தார். அவரைப் பார்த்துக் கற்றவர்கள் நாடெங்கும் அதேபோல் எறிந்தார்கள். மணிக்கட்டுச் சொடுக்கு 1872-இல்தான் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளுக்கு மேலாக, எவரும் கடைப்பிடிக்காத ஒரு விதியைக் காக்கும் கடமை நடுவர்களிடம் இருந்தது. ஒரு விதியை மாற்றுவதைவிட, மாற்ற வேண்டிய விதியை மாற்றாமல் வைத்திருப்பது நடுவருக்குச் செய்யும் பெரிய அநியாயம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தொடக்க கால மாற்றங்களில் தெளிவாக வந்த ஒன்றும் உண்டு. ஒரு முறை தரையில் துள்ளிய பந்தைப் பிடித்தாலும் பேட்டர் அவுட் என்பது பழைய வழக்கம். நிக்கர்பாக்கர் கழகத்தார் பல ஆண்டுகள் வாதாடி, 1864 டிசம்பர் மாநாட்டில் அதை நீக்கவைத்தார்கள். அடுத்த பருவம் முதல் உள்ளே விழும் பந்தை அந்தரத்தில் பிடித்தால்தான் அவுட். நடுவருக்கு எளிய, கண்ணால் காணும் வேலை. எனினும் எல்லைக்கு வெளியே போகும் ஃபவுல் பந்தைத் துள்ளலில் பிடித்தால் அவுட் என்ற பழைய பாதி மட்டும் 1880-கள் வரை நிலைத்திருந்தது.

1869-இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி வெளிப்படையாகச் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கியது. 1871-இல் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தனிச் சங்கம் அமைத்தார்கள். அமெச்சூர் கழகங்களும் தமக்கென ஒரு சங்கம் வைத்துப் பார்த்தன. அது சில ஆண்டுகளிலேயே கலைந்துபோனது. 1876-இல் நேஷனல் லீக் பிறந்தது. விதி எழுதும் பேனா அமெச்சூர்களின் கையை விட்டுப் போனது. அதன் பிறகு ஊர்த் திடல் நடுவர், சம்பளக்காரர்களின் களத்துக்காக எழுதப்பட்ட விதியை, ஆண்டுதோறும் அச்சாகும் ஸ்பால்டிங் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவரானார்.

தெரிந்துகொள்வதற்குள் அது மாறியது. 1879-இல் ஒன்பது பாலுக்கு ஒரு பேஸ். பிறகு எட்டு, ஏழு, ஆறு என்று குறைந்தது, 1886-இல் மறுபடி ஏழானது, 1887-இல் ஐந்து, 1889-இல் நான்கு. உயரமான பந்து வேண்டுமா, தாழ்வான பந்து வேண்டுமா என்று பேட்டர் கேட்டு வாங்கும் உரிமை 1887-இல் பறிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஸ்ட்ரைக் மூன்றிலிருந்து நான்கானது. இலவசமாகப் பெற்ற பேஸையும் பேட்டர் அடித்த அடியாகக் கணக்கில் எழுதச் சொன்னார்கள். ஒரே பருவம்தான். 1888-இல் இவை இரண்டும் கைவிடப்பட்டன. தொழில்முறை லீக்குக்கு இது ஒரு பரிசோதனை. சனிக்கிழமை பிற்பகலில் நடுவராக நிற்கும் பள்ளி ஆசிரியருக்கோ, பழைய கணக்கை மறந்து புதிதைப் பழகி, மறுபடி புதிதை மறக்க வேண்டிய பாடு. போன ஆண்டின் கையேட்டை வைத்திருந்த அணியும் இந்த ஆண்டின் கையேட்டை வைத்திருந்த அணியும் எதிரெதிரே நின்றால் என்ன ஆகும் என்று விதிக்குழு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1890-களின் நடுவில் வந்த இன்ஃபீல்ட் ஃபிளை விதி தேவையான விதி. ரன்னர்கள் பேஸ்களில் இருக்கும்போது, எளிதாகப் பிடிக்கக்கூடிய பந்தை உள்வட்டத்து ஃபீல்டர் வேண்டுமென்றே நழுவவிட்டு, ஒரே வீச்சில் இருவரை அவுட் ஆக்கும் தந்திரம் பெருகியிருந்தது. அதைத் தடுக்க, பந்து அந்தரத்தில் இருக்கும்போதே பேட்டர் அவுட் என்று நடுவர் அறிவிக்கும் முறை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் நிபந்தனைகள் பலமுறை மாறின. இன்றைய வடிவில் அந்தப் பந்து 'சாதாரண முயற்சியில்' பிடிபடக்கூடியதாக இருக்க வேண்டும். யாருடைய சாதாரண முயற்சி? அந்த லீக்கில், அந்தத் தரத்தில் ஆடும் சராசரித் திறனுள்ள ஃபீல்டருடையது என்று தொழில்முறை விதிநூலின் சொல்விளக்கமே பின்னாளில் தெளிவுபடுத்தியது. அறிவார்ந்த திருத்தம் அது. ஆனாலும் 10 வயதுச் சிறுவர்களின் ஆட்டத்தில் சராசரித் திறன் எது என்பதை இரண்டு நொடிக்குள் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். பந்தை அழகாகப் பிடித்தாலும் நழுவவிட்டாலும் ஒரு பக்கத்துப் பெற்றோர் கொதிப்பார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் பிரிவு இன்னும் ஆழமானது. 1920-இல் மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியச் சம்மேளனம் தோன்றி, பின்னர் பேஸ்பாலுக்குத் தன் சொந்த விதிநூலை வெளியிடத் தொடங்கியது. கல்லூரிகளுக்கு என்சிஏஏ அமைப்பின் நூல். 1925-இல் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு இளைஞர் பேஸ்பாலைத் தொடங்கியது. 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் சிறுவர்களுக்கான லிட்டில் லீகை உருவாக்கினார். 1951-இல் போனி, பேப் ரூத் பெயர்களில் மேலும் இரண்டு. இவற்றில் பல, தொழில்முறை விதிநூலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மேலே தம் விலக்குகளைச் சேர்த்தன.

பிரிவுக்கு நியாயம் இருந்தது. 15 வயது மாணவனின் எலும்பும் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரின் எலும்பும் ஒன்றல்ல. பள்ளிக்கு முதல் நோக்கம் பாதுகாப்பு, அடுத்தது கூடுதல் மாணவர்களுக்கு வாய்ப்பு. அதனால்தான் பள்ளி விதியில் தொடக்க ஆட்டக்காரர் ஒருமுறை வெளியேறி மீண்டும் வரலாம். பிட்ச்சருக்கும் கேட்ச்சருக்கும் பதிலாக வேறொருவர் ஓடலாம். இவை யாரையும் குழப்பவில்லை. குழப்பியவை, ஒரே நிகழ்வுக்கு ஒவ்வொரு நூலும் வேறு தீர்ப்பு சொன்ன இடங்கள்.

அவற்றில் மிகக் கொடியது பாக். பேஸில் ரன்னர் இருக்கும்போது பிட்ச்சர் எறிவதுபோல் தொடங்கி நிறுத்துவது முதலான ஏமாற்று அசைவுகளுக்கு அந்தப் பெயர். தண்டனையாக ரன்னர்களுக்கு ஒரு பேஸ் கிடைக்கும். தொழில்முறை விதியில் பாக் அழைக்கப்பட்டாலும், பிட்ச்சர் பந்தை எறிந்துவிட்டால் ஆட்டம் ஓடும். பேட்டர் அதை அரங்கத்துக்கு வெளியே அடித்து ஹோம் ரன் எடுத்தால் அது செல்லும். பள்ளி விதியில் பாக் நடந்த கணமே டெட் பால். அதே பந்தை அதே மாணவன் வேலிக்கு வெளியே அடித்தாலும் ஹோம் ரன் ரத்து. ரன்னர் ஒரு பேஸ் நகர்வார், பேட்டர் திரும்பி வந்து மட்டையை எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். தவறு செய்த அணிக்கு அந்தத் தவறே கேடயமாகிறது. நடுவருக்கு எளிமை என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம்: ஆட்டம் நின்றுவிட்டால் அடுத்து நடந்ததை அலச வேண்டியதில்லை. ஆனால் ஹோம் ரன்னை ரத்து செய்துவிட்டு இரண்டு பயிற்சியாளர்களுக்கும் விளக்கம் சொல்பவரும் அதே நடுவர்தான். இந்த எளிமை அவருக்கு உதவியதைவிட உபத்திரவம் செய்தது அதிகம்.

2013-இல் தொழில்முறை விதி இன்னொரு முடிச்சைப் போட்டது. மூன்றாம் பேஸுக்கு எறிவதுபோல் பாவனை காட்டி, உடனே திரும்பி முதல் பேஸுக்கு எறியும் பழைய தந்திரம் அந்த ஆண்டு முதல் பாக் ஆனது. பள்ளி விதியில் அது தொடர்ந்து செல்லுபடியானது. சனிக்கிழமை காலை பள்ளி ஆட்டத்தில் சரியென்று விட்ட அசைவை, அதே நடுவர் மாலையில் வேறொரு லீக் ஆட்டத்தில் தண்டிக்க வேண்டும். பெரும்பாலான அமெச்சூர் நடுவர்கள் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று நூல்களின்படி ஆட்டம் நடத்துபவர்கள். இந்த வேறுபாடுகளை மட்டுமே தொகுத்து கார்ல் சில்ட்ரஸ் என்ற நடுவர் ஒரு தனிப் புத்தகம் எழுதி, ஆண்டுதோறும் திருத்தி வெளியிட நேர்ந்தது. அப்படி ஒரு நூலுக்குத் தேவை எழுந்ததே நிலைமையைக் காட்டுகிறது.

பேஸைத் தொடாமல் ஓடிய ரன்னரின் கதையும் சிந்திக்கத் தக்கது. தொழில்முறை விதியில் நடுவர் அதைக் கண்டாலும் பேசாமல் இருப்பார். ஃபீல்டிங் அணி பந்துடன் அப்பீல் செய்தால்தான் அவுட். கிரிக்கெட்டில் அப்பீல் இல்லாமல் அவுட் கொடுக்காததைப் போன்றதே இது. பள்ளி விதியோ நெடுங்காலம் வேறு வழியில் போனது. ஓட்டம் முடிந்ததும் நடுவர் தாமாகவே ரன்னரை அவுட் என்று அறிவிப்பார். தவறைக் கண்டவர் மௌனம் காக்கக் கூடாது என்பது ஒரு கல்விக் கூடத்துக்குப் பொருந்தும் எண்ணம்தான். ஆனால் அதன் விளைவாக, எதிரணியில் ஒருவரும் கவனிக்காத ஒரு பிசகுக்காக நடுவர் தாமே ஆட்டத்தின் போக்கைத் திருப்புபவரானார். 2000-களின் தொடக்கத்தில் பள்ளி விதியும் அப்பீலுக்கு மாறியது. ஆட்டம் நின்றிருக்கும்போது வாய்மொழியாகவே அப்பீல் செய்யலாம் என்ற சலுகையை வைத்துக்கொண்டது. தாமாக அவுட் கொடுத்துப் பழகியவர்கள் ஒரே பருவத்தில் கண்டும் காணாததுபோல் நிற்கக் கற்க வேண்டியிருந்தது. பழைய நூலில் கடமையாக இருந்தது புதியதில் குற்றமாகிவிட்டது.

கேட்ச்சர் பிடிக்கத் தவறிய மூன்றாவது ஸ்ட்ரைக் 1845 விதியிலேயே இருக்கிறது. பந்து பிடிபடாவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். தாம் அவுட் ஆகவில்லை என்று அறியாமல் பேட்டர் இருக்கைக்குத் திரும்பும்போது சிக்கல் வரும். எதுவரை போனால் அவருடைய வாய்ப்பு முடிகிறது? தொழில்முறை விதி பின்னாளில் தெளிவான விடை தந்தது: ஹோம் பிளேட்டைச் சுற்றியுள்ள மண்வட்டத்தைத் தாண்டினால் அவுட். பெரிய அரங்கங்களில் அந்த வட்டம் அளந்து வைத்ததுபோல் இருக்கும். நகராட்சிப் பூங்காவிலும் பள்ளித் திடலிலும் வட்டமே இருக்காது. இருந்தாலும் மழையில் கரைந்து புல்லோடு கலந்திருக்கும். செயற்கைப் புல் விரித்த திடலில் வண்ணக் கோடு இருந்தால் உண்டு. பள்ளி விதி பேட்டர் இருக்கைப் பகுதிக்குள் நுழையும்வரை நேரம் தருகிறது. இந்த இடத்தில் பள்ளி விதியே அமெச்சூர் களத்தின் மண்ணை அறிந்து எழுதப்பட்டது. தொழில்முறை நூலை அப்படியே எடுத்தாளும் லீக்குகளின் நடுவர்தான் இல்லாத வட்டத்தைக் கண்ணால் வரைய வேண்டியவர்.

எல்லா மாற்றமும் மேலிருந்தே வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஹோம் பிளேட்டில் கேட்ச்சர்மேல் மோதி விழும் ஆட்டத்தைப் பள்ளிகளும் கல்லூரிகளும் வெகு காலத்துக்கு முன்பே கட்டுப்படுத்தின. வேண்டுமென்று மோதும் மாணவன் பள்ளி விதியில் அவுட் ஆவான், ஆட்டத்திலிருந்தும் வெளியேற்றப்படுவான்; கேட்ச்சர் வழிமறித்திருந்தாலும் அதற்கு விலக்கில்லை. தொழில்முறை ஆட்டமோ 2011-இல் சான் பிரான்சிஸ்கோ அணியின் பஸ்டர் போஸி மோதலில் கால் முறிந்து வீழ்ந்த பிறகே விழித்துக்கொண்டு, 2014-இல் விதி எழுதியது. பந்தெறியக் கால வரம்பு கல்லூரிகளில் 2011-இலேயே, பேஸில் யாரும் இல்லாதபோது 20 நொடி என்று வந்துவிட்டது. தொழில்முறைக் கடிகாரம் 2023-இல். பேட்டரை வேண்டுமென்றே இலவசமாக அனுப்ப நான்கு பந்துகளை வீணாக எறியத் தேவையில்லை என்பதும் பள்ளிகளில் பழகியபின் 2017-இல் மேலே போனது.

இருந்தும் வழிமறிப்பு விதி அமெச்சூர் நடுவர்களை அலைக்கழித்தது. ஃபீல்டர் கையில் பந்து இல்லாமல் ரன்னரின் பாதையில் நிற்கலாமா? பந்து வந்துகொண்டிருந்தால் நிற்கலாம் என்பது பழைய புரிதல். எவ்வளவு தூரத்தில் வந்தால் 'வந்துகொண்டிருக்கிறது' என்பது நடுவரின் ஊகம். 2000-களின் இறுதியில் பள்ளி விதி, பந்து கையில் இல்லாமல் பேஸை அடைக்கக் கூடாது என்று இறுக்கப்பட்டது. கண்ணால் காணக்கூடிய அளவுகோல் என்பதால் இது உண்மையான முன்னேற்றம். பயிற்சியாளர்களுக்கோ அது அநீதியாகப் பட்டது, ஏனெனில் வாரந்தோறும் தொலைக்காட்சியில் அவர்கள் பார்த்த கேட்ச்சர்கள் வேறு விதியின் கீழ் ஆடினார்கள்.

மட்டைகளின் வரலாறு நடுவருக்கு இன்னொரு வகைத் தொல்லை. 1974-இல் கல்லூரிகள் அலுமினிய மட்டையை அனுமதித்தன; மர மட்டை அடிக்கடி உடைந்து செலவு வைத்ததே காரணம். உலோகத்தில் பந்து பறந்தது. 1998 கல்லூரி உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் அரிசோனா ஸ்டேட்டை 21-14 என்று வென்றதும் அமைப்புகள் பதறி, மட்டையின் வேகத்துக்கு வரம்பு வைத்தன. அதுவும் போதாமல் 2011-இல் கல்லூரிகளிலும் 2012-இல் பள்ளிகளிலும் பிபிகோர் என்ற புதிய தரம் வந்தது. முந்தைய பருவத்தில் பெற்றோர் பெரும்பணம் கொடுத்து வாங்கிய மட்டை ஒரே இரவில் சட்டவிரோதமானது. முத்திரை இல்லாத மட்டையுடன் வந்த மாணவனுக்கு அவுட் சொல்ல வேண்டியவர், அந்தத் தரத்தை நிர்ணயிப்பதில் எந்தப் பங்கும் இல்லாத நடுவர்.

2015-இல் நடந்தது விதிமாற்றமே அல்ல, ஆனால் அமெச்சூர் நடுவர்களை அது குழப்பியதுபோல் சில விதிமாற்றங்கள்கூடக் குழப்பவில்லை. 1949-50இல் மறுதொகுப்பு செய்யப்பட்ட தொழில்முறை விதிநூல் அந்த ஆண்டு முழுமையாக மறு அடுக்கு செய்யப்பட்டது. பாக் 8.05-லிருந்து 6.02-க்குப் போனது. வழிமறிப்பு 7.06 என்பது 6.01-இன் ஓர் உட்பிரிவானது. விதியில் சொல்லாத எதையும் நடுவர் தம் மதியால் தீர்க்கலாம் என்ற 9.01 உட்பிரிவு 8.01 ஆயிற்று. முன்பக்கத்தில் இருந்த சொல்விளக்கம் கடைசிக்கு நகர்ந்தது. புதிய வரிசை படிப்பதற்குச் சீரானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடுவர் பயிற்சி வகுப்புகளும் கையேடுகளும் தேர்வுத் தாள்களும் பழைய எண்களில்தான் பேசின. மூத்த நடுவர் ஒரு எண்ணைச் சொல்ல, புதிதாக வந்தவர் வேறு பக்கத்தைப் புரட்டினார். இந்நூலை அடிப்படையாகக் கொண்ட சிறுவர் லீக்குகள் தத்தம் விலக்குகளையும் ஏற்றவாறு திருத்த வேண்டியிருந்தது.

2020-இல் பள்ளி விதி, இன்னொருவருக்காக மட்டை பிடிக்கும் சிறப்பு ஆட்டக்காரர் முறையை விரிவாக்கியது. களத்தில் ஆடும் ஒருவரே தமக்குத் தாமே அந்தச் சிறப்பு ஆட்டக்காரராகவும் இருக்கலாம். களப்பணியிலிருந்து விலகினாலும் மட்டை பிடிக்கத் தொடரலாம். தொழில்முறை விதி 2022-இல், பிட்ச்சரும் பேட்டருமான ஷோஹெய் ஒட்டானியை மனத்தில் வைத்து ஒத்த மாற்றம் செய்தபோதும், அது தொடக்கப் பிட்ச்சருக்கு மட்டும். எந்த நூலில் எந்த மாற்று ஆட்டக்காரர் செல்லும் என்ற கணக்கைப் பென்சிலால் ஆட்டக்காரர் பட்டியலில் குறித்துக்கொண்டு, ஏழாவது இன்னிங்ஸில் சரியாக நினைவுகூர்வது ஹோம் பிளேட் நடுவரின் வேலை.

இத்தனையும் நடக்கும் களத்தில் நிற்பவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழில்முறை உச்ச லீக்கில் நான்கு நடுவர்கள், அவர்களுக்குப் பின்னால் காணொளி மறுபார்வை. பள்ளி ஆட்டத்தில் வழக்கமாக இருவர்; சிறுவர் ஆட்டத்தில் பெரும்பாலும் ஒருவர். மூன்று ரன்னர்கள் ஓடும்போது இரண்டு பேரால் எல்லாப் பேஸ்களையும் பார்க்க முடியாது. இரண்டாம் பேஸில் சறுக்கும் ரன்னர் ஃபீல்டரை இடிக்கிறாரா என்று பார்க்கச் சொல்லும் விதி, அதே நொடியில் முதல் பேஸில் பந்து முந்தியதா, கால் முந்தியதா என்று பார்க்கச் சொல்லும் விதியோடு போட்டி போடுகிறது. விதி எழுதுபவர்கள் ஒவ்வொரு விதியையும் தனியாக எழுதுகிறார்கள். நடுவர் அவற்றை ஒரே கண்ணால் ஒரே நேரத்தில் நடைமுறைப்படுத்துகிறார்.

2018-19 பருவத்துக்குப் பின் எல்லா விளையாட்டுகளிலுமாகச் சுமார் 50,000 பள்ளி நடுவர்கள் விலகிவிட்டதாகப் பள்ளிச் சம்மேளனமே தெரிவித்தது. பெற்றோர், பார்வையாளர்களின் வசைதான் முதன்மைக் காரணம். அந்த வசையில் ஒரு பங்கு, நடுவர் சரியாகச் சொன்ன பள்ளி விதியைத் தொலைக்காட்சியில் கண்ட விதியோடு ஒப்பிட்டு எழுந்தது என்பதைக் களம் அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள். விதியைத் தவறாகப் பயன்படுத்தியதாக ஆட்சேபம் பதிவு செய்யும் உரிமையைத் தொழில்முறை லீக் 2020-இல் ஒழித்துவிட்டது, அங்கே அதைச் சரிபார்க்க வேறு வழி இருப்பதால். பள்ளி ஆட்டங்களில் அதை அனுமதிப்பதா என்பது ஒவ்வொரு மாநிலச் சங்கத்தின் விருப்பம். அனுமதிக்காத மாநிலத்தில், நிக்கர்பாக்கர் கழகத்தின் நடுவரைப் போலவே, களத்தில் நிற்பவரின் சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை.

பள்ளிச் சம்மேளனத்தின் விதிக்குழு ஆண்டுதோறும் கூடி அடுத்த பருவத்துக்கான மாற்றங்களை அறிவிக்கிறது. குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் மாவட்டந்தோறும் நடுவர் சங்கங்கள் பள்ளி உணவுக்கூடங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் கூடி அவற்றைப் படிக்கின்றன. கல்லூரி நூலுக்குத் தனி வகுப்பு, கோடை லீக்குகளுக்கு இன்னொன்று. அண்மை ஆண்டுகளில் மூன்று நூல்களும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியிருக்கின்றன. சிறப்பு ஆட்டக்காரர் முறையிலும் கேட்ச்சர் பாதுகாப்பிலும் அவை முன்பைவிட நெருங்கி நிற்கின்றன. பாக் நடந்ததும் பள்ளியில் டெட் பால் என்பதைப் போன்ற வேறுபாடுகள் அந்த வகுப்புகளில் ஒவ்வொரு பருவத்திலும் புதிய நடுவர்களுக்கு முதலில் சொல்லப்படுபவை.